மீன் படிக்கட்டு அக்கா

மழை பெய்கிறதா என்று கேட்டால்கூட அவர் உடனே பதில் சொல்லமாட்டார். தகரக் கூரையில் சடசடவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து, கையை வெளியே நீட்டி, நனைந்த உள்ளங்கையைப் பார்த்துவிட்டு வந்து, "பெய்யுதுங்க" என்பார். பவர் ஹவுஸில் வேலை செய்தவர்கள் இதை நடித்துக் காட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். பிறகு ஒரு காலத்தில், அதே வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகத் தினமும் காலையில் காத்திருந்தேன்.

அவருடைய பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால், "நான் அப்படிச் சொன்னத நீங்க எழுதி வச்சிருந்தீங்களா, இல்ல இப்ப நெனச்சு எழுதுறீங்களா?" என்று கேட்பார். அங்கே எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் யுத்தத்தால் ஊரில் இருக்க வழியில்லாமல் மலைநாட்டுக்கு வந்து, ஒரு தனியார் கம்பெனியில் தொழில்நுட்ப அலுவலர் வேலையில் சேர்ந்தேன். பொல்பிட்டியவுக்குக் கீழே பெரிய ஆற்றோடு போய்ச் சேரும் ஓர் ஓயாவின் (சிற்றாற்றை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) குறுக்கே, தேயிலை மலைகளுக்கு நடுவில், அந்தக் கம்பெனி ஒரு சின்ன அணை கட்டி மின்சாரம் எடுத்தது. நோட்டன் பிரிட்ஜில் இருக்கும் பெரிய அணையைப் பார்த்த கண்ணுக்கு அது அணையாகவே தெரியாது. இரண்டு ஆள் உயரம் இருந்தால் அதிகம். ஆனால் கீழேயிருந்து வரும் மீன் நின்றுபோவதற்கு இரண்டு ஆள் உயரம் போதும்.

அக்கா இருபது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். முழங்கால் கெட்டு மலை ஏற முடியாமல் போனதும், அணையில் தண்ணீர் நுழையும் இடத்தில் இருந்த கம்பித் தட்டியில் சேரும் இலை குப்பைகளை வாரி எடுக்கும் வேலைக்கு வந்தார். இடுப்பில் கொழுந்துக்காரிகள் கட்டும் படங்குச் சாக்கு அப்படியே இருந்தது. அணைச் சுவரின் மேல் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்து வெற்றிலை போடுவார். துப்புவதற்கு ஒரு பால்மா டின் பக்கத்திலேயே இருக்கும். ஓயாவில் ஒருநாளும் துப்பியதில்லை.

அணைக்கு அனுமதி கொடுத்தபோது, மீன் மேலே போக ஒரு வழி வைக்க வேண்டும் என்று சுற்றாடல் அதிகாரிகள் நிபந்தனை போட்டிருந்தார்கள். அந்த வழியை வரைந்தவன் நான். புத்தகங்களில் இருந்த படங்களைப் பார்த்து, அணையின் இடது கரையோரமாக, ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பதினொரு கொங்கிரீட் பெட்டிகள். மேல் பெட்டி நிரம்பிக் கீழ்ப் பெட்டிக்கு வழியும். மீன் ஒவ்வொரு பெட்டியிலும் கொஞ்சம் இளைப்பாறி, அடுத்ததற்குத் தாவும். லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்கள் அதற்கு மீன் படிக்கட்டு என்று பேர் வைத்தார்கள். எனக்கு அதில் பெருமை. ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா போய் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

மீன் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் அக்காவிடம் கொடுத்தோம். அவருக்கு எழுத வராது. காலை ஏழு மணிக்கு நான் கொப்பியோடு போவேன், அவர் சொல்வார், நான் எழுதுவேன்.

"என்னக்கா, இண்டைக்கு?"

"ஏறலைங்க."

மறுநாளும் அதுதான். அடுத்த கிழமையும் அதுதான். நாலு மாதம் அந்த ஒரு சொல்லைக் கேட்டேன். ஒருநாள் பொறுக்கமுடியாமல், "நீங்கள் வீட்டை போன பிறகு ஏறியிருக்கலாம்தானே?" என்றேன்.

"இருக்கலாங்க. நான் பாக்கலையே."

"ஒரு மீன்கூடவோ அக்கா?"

"கீழ்ப் பெட்டியில ஒரு நண்டு இருந்துச்சு. அத வேணும்னா எழுதிக்குங்க."

அவர் கேலி செய்யவில்லை. நண்டைப் பார்த்தார், சொன்னார்.

அவருடைய இந்தக் குணம் எத்தனை கடினமானது என்று எனக்கு முன்பே தெரியும். நான் வந்த முதல் வருடத்தில் பவர் ஹவுஸ் களஞ்சியத்திலிருந்து செப்புக் கேபிள் ஒரு சுருள் காணாமல் போனது. அக்காவின் லயத்தில், அடுத்த காம்பராவில், அதாவது பக்கத்து அறை வீட்டில், இருந்த ஒருவன்மேல் சந்தேகம். கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அக்காவைக் கூப்பிட்டு விசாரித்தார். அதற்கு முதல்நாள் அவனுடைய அம்மா வந்து, அவன் போனதையே பார்க்கவில்லை என்று சொல்லிவிடும்படி அக்காவின் கையைப் பிடித்து அழுதிருக்கிறார். அக்கா விசாரணையில் சொன்னது இதுதான்: "அவன் அந்தப் பக்கமா போனத பாத்தேங்க. தோள்ல சாக்கு இருந்துச்சு. சாக்குல என்ன இருந்துச்சுன்னு பாக்கல." பாதுகாப்பு அதிகாரிக்கு இரண்டாவது பாதி தேவைப்படவில்லை. அவனுக்கு வேலை போயிற்று. அந்த அம்மா, ஒரே சுவரின் அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இரண்டு வருடம் அக்காவோடு பேசவில்லை. தண்ணீர்ப் பீலியடியில் அக்கா வந்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுவார். அக்கா அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. ஒரே ஒருமுறை, தட்டியில் குப்பை வாரிக்கொண்டே, "பாக்காம இருந்திருக்கலாம். பாத்துட்டேன்" என்றார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு மரியாதையைவிடப் பயம்தான் கூட வந்தது.

நாலாம் மாத முடிவில் அதிகாரிகளுக்கு அறிக்கை போக வேண்டியிருந்தது. சில மீன்கள் ஏறுவது அவதானிக்கப்பட்டது என்று எழுதினேன். சில என்பது பெரிய பொய்யாகத் தோன்றவில்லை. படிக்கட்டு பிழை என்று தெரிந்தால் அணைக்குக் கொடுத்த அனுமதி போகும், என் வேலையும் போகும். எனக்கு அந்த வேலையை விட்டால் போக இடமில்லை. ஊருக்குத் திரும்பும் பாதையே அப்போது பூட்டிக் கிடந்தது.

அறிக்கையைப் படித்தவர்கள் பார்க்க வந்தார்கள். கம்பெனி முதலாளி, அவருடைய ஆட்கள், கொழும்பிலிருந்து இரண்டு அதிகாரிகள். அதில் ஒருவர் ஐம்பது வயதுச் சிங்களப் பெண்மணி. மீன்களைப் பற்றிப் படித்தவர். எல்லோரும் அவரை மிஸ் என்றார்கள். முதலாளி என்னுடைய பெட்டிகளைக் காட்டி நிறையப் பேசினார். மிஸ் நேரே சுவரோரம் நின்ற அக்காவிடம் போனார்.

"மாளு நகினவாத?" மீன் ஏறுகிறதா?

அக்கா என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மம தெக்கே நே, மிஸ்." நான் பார்க்கவில்லை.

முதலாளியின் ஆள் ஒருவர் இடையில் புகுந்து, இவளுக்குச் சிங்களம் சரியாக விளங்காது என்றார். அக்கா அதே வசனத்தை, அதே நிதானத்தோடு, இன்னொரு தரம் சொன்னார். முதலாளியின் முகம் கறுத்தது. நாளையிலிருந்து கொழுந்துக்கே போகச் சொல்லுங்கள் என்று அவர் பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

மிஸ் அதைக் காதில் வாங்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார். ஏறவில்லை சரி, வருகிறதா என்று கேட்டார்.

"வருதுங்க" என்றார் அக்கா தமிழில். நான் சிங்களத்தில் சொன்னேன். "அந்தக் கரையில வருது. தண்ணி விழுற எடத்துல முட்டி முட்டித் திரும்புது. இந்தக் கரையில நான் பாத்தது அந்த ஒரு நண்டுதான்."

"ஏன் அந்தக் கரைக்குப் போகிறது?"

"அது எனக்குத் தெரியாதுங்க. போறத பாத்தேன்."

மிஸ் எழுந்து என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் எனக்கு வலித்தது. மீன் எதிர்த்து நீந்துவதற்கு வலுவான ஓட்டத்தைத் தேடும், அணைத் தண்ணீர் முழுவதும் வலது கரையில் இரைந்து விழும்போது இடது கரையில் குழாய்த் தண்ணீர் மாதிரி வழியும் வாசலை அது எப்படிக் கண்டுபிடிக்கும் என்றார். நாலு மாதம் அக்காவிடம் ஏறியதா என்று மட்டும் கேட்டேன். வேறு என்ன பார்த்தீர்கள் என்று ஒருநாள் கேட்டிருந்தால் போதும்.

அக்கா வேலையில் இருக்க வேண்டும், வாசல் அந்தக் கரைக்குப் போக வேண்டும் என்று மிஸ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். கீழ்ப் பெட்டியிலிருந்து அணையின் காலடியோடு ஒரு கால்வாய் கட்டி வலது கரைக்குக் கொண்டுபோனோம். படிக்கட்டில் விடும் தண்ணீரை மூன்று மடங்காக்கினோம். வெயில் மாதங்களில் மின்சாரம் குறையும் என்று முதலாளி முணுமுணுத்தார். குறையத்தான் செய்தது.

அந்த வருட வைகாசி மழை தொடங்கி மூன்றாம் நாள். விடிந்து வெளிச்சம் அப்போதுதான் தேயிலைக்கு மேலே வந்திருந்தது. என் அறைக் கதவைத் தட்டிக்கொண்டு அக்கா நின்றார். தலையில் சாக்கு, முகமெல்லாம் தண்ணீர்.

"ஐயா வாங்க."

"ஏறிட்டுதோ?"

"நான் சொல்லமாட்டேன். வந்து பாருங்க."

முழங்கால் கெட்டவர் என்னைவிட வேகமாக நடந்தார்.

முதலில் பார்த்தது மஞ்சள் செதில் மீன்களை. அக்கா வைத்த பெயர் அது. முழங்கை நீளம், ஒவ்வொரு செதிலும் காசு அகலம். ஐந்தாம் பெட்டியிலிருந்து ஆறாம் பெட்டிக்கு ஒன்று பாய்ந்தது. உடம்பை வில்லாக வளைத்து, வழியும் தண்ணீரின் நடுவில் ஒரு கணம் நின்று, வாலை ஒரு உதறு உதறி மேலே போய் விழுந்தது. பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்று. நான் பென்சிலால் வரைந்த கோடுகள் வழியாக உயிர் ஏறிக்கொண்டிருந்தது. பெட்டிச் சுவர்களில் விரல் அளவு கல்லொட்டி மீன்கள் வாயால் பற்றிப் பற்றி, தாவாமல், ஊர்ந்து போயின.

"அது கெடக்கட்டும். இங்க பாருங்க" என்றார் அக்கா.

அவர் காட்டியது படிக்கட்டை அல்ல, அணையை. நேர்ச் சுவர். பாசி படிந்து, மழைத் தண்ணீர் மெல்லிசாக வழியும் சுவர். அது அசைவது போலிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். தையல் ஊசி நீளத்தில், கண்ணாடி போன்ற உடம்பில் இரண்டு கறுப்புப் புள்ளிக் கண்களோடு, விலாங்குக் குஞ்சுகள். ஆயிரமா, பத்தாயிரமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, பாசியைப் பிடித்து, தண்ணீரே இல்லாத இடத்தில் ஈரத்தை மட்டும் நம்பிச் செங்குத்தாக ஏறிக்கொண்டிருந்தன. ஒரு துளி பெரிதாக விழுந்தால் ஐம்பது குஞ்சுகள் கீழே போகும். போன இடத்திலிருந்து மறுபடி தொடங்கும். பாசி இல்லாத வழுவழுப்பான கொங்கிரீட் வந்த இடத்தில் எல்லாம் தேங்கி நின்று, பக்கவாட்டில் தேடின.

அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றார். வெகுநேரம். பிறகு இடுப்பிலிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, ஓயாவில் நனைத்து, அந்த வழுவழுப்பான இடத்தில் தொங்கவிட்டார். கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் சாக்கின் இழைகளைக் கண்டுபிடித்தன. சாக்கு உயிரோடு அசையத் தொடங்கியது.

அன்று ஏழு மணிக்குக் கொப்பியைத் திறந்து, எத்தனை என்று எழுதுவது அக்கா என்று கேட்டேன்.

"எண்ண முடியலன்னு எழுதுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு கணக்கு அன்றைக்குத்தான் வந்தது.

பிறகு அந்தச் சுவரில் தேங்காய்த் தும்புப் பாய் விரித்தோம். அடுத்த வருடத்தில் அணைக்கு மேலே ஓயா மாறியதை அக்கா ஒவ்வொன்றாக வந்து சொன்னார். மேல் லயத்துப் பெண்கள் குளிக்கும் பாறையில் கால் வழுக்குவது குறைந்திருக்கிறது. "பாசி கொறஞ்சிருக்குங்க. மீனு தின்னுச்சான்னு கேட்டா எனக்குத் தெரியாது. கல்லுல வாய் வச்ச தடம் இருக்கு." இன்னொருநாள், மணல் திட்டில் நீர்நாயின் காலடித் தடம். அணை கட்டியதிலிருந்து அந்தப் பக்கம் அதைக் கண்டவர்கள் இல்லை. மிஸ் மாதம் ஒருமுறை வருவார். அக்கா சொன்னதையெல்லாம் ஒரு சொல் விடாமல் என்னை மொழிபெயர்க்க வைத்து எழுதிக்கொள்வார். மற்ற அணைக்காரர்களைக் கூட்டிவந்து இந்தப் படிக்கட்டைக் காட்டப்போவதாகச் சொன்னார். நான் ஒரு புதுச் சேர்ட் வாங்கினேன்.

அவர்கள் வருவதற்கு ஒரு கிழமை இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு அக்கா சொன்னார்: "மஞ்சச் செதிலு ஒம்போது. ஜப்பான் மீன் பதினாலு."

எனக்குப் பேனா நின்றுவிட்டது. ஜப்பான் மீன் என்று ஊரில் சொல்வது குளங்களில் வளர்க்க வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மீனை. கீழே யாரோ வெட்டிய மீன் குளம் வெள்ளத்தில் உடைந்து ஓயாவோடு கலந்திருந்தது. ஓடும் தண்ணீர் அதற்குப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் அணைக்குப் பின்னால் தேங்கி நிற்கும் தண்ணீர் அதற்குச் சொர்க்கம். அங்கே போய்க் கூடு கட்டிப் பெருகினால், மேல் ஓயாவில் மட்டும் இருக்கும் சின்ன மீன்களுக்கு இடமும் இல்லை, தீனியும் இல்லை. நாங்கள் திறந்த வழி எல்லாவற்றுக்கும்தான் திறந்திருந்தது.

"அக்கா, அதை இண்டைக்கு எழுதத்தான் வேணுமோ? அந்த அணைக்காரர் வந்திட்டுப் போகட்டும்."

அவர் சுவரிலிருந்து இறங்கி என் முன்னால் வந்து நின்றார். "நீங்க எழுதாட்டியும் அது அங்கதாங்க இருக்கும். நான் பாத்துட்டேனே."

எழுதினேன். அன்றே கினிகத்தேனை டவுனுக்குப் போய் மிஸ்ஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். எத்தனை என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு, மேல் பெட்டியின் வாசலைப் பலகை போட்டு அடைக்கச் சொன்னார். தும்புப் பாய் இருக்கட்டும், அதில் விலாங்கும் கல்லொட்டியும் ஏறும், ஜப்பான் மீன் ஏறாது என்றார். மஞ்சள் செதில்? அதுவும் ஏறாது என்றார்.

பலகையை இறக்கியவர் அக்காதான். நான் செய்கிறேன் என்றேன், விடவில்லை. அதற்குப் பிறகு அவர் காலையில் சொன்னது இப்படி இருந்தது: "ஏழு வந்துச்சு. மேப் பெட்டி வரைக்கும் ஏறுச்சு. பலகையில முட்டுச்சு. திரும்பிருச்சு." அந்த மழைக்காலம் முழுவதும், ஒரு மீனையும் விடாமல், முட்டிய எண்ணிக்கையோடு சொன்னார். கேட்க எனக்குத்தான் முடியவில்லை. அந்த நாட்களில் அவர் வெற்றிலை போடவில்லை.

ஒருநாள் மிஸ் வந்திருந்தபோது அக்கா கேட்டார். "மிஸ்கிட்ட ஒண்ணு கேளுங்க ஐயா. மேப் பெட்டியில வந்து நிக்கிறத நான் வலையால தூக்குனா? மஞ்சச் செதிலு மேல, ஜப்பான் மீனு சட்டிக்கு."

மிஸ் சிரித்தார். அப்படியும் ஒரு முறை இருக்கிறது, சில நாடுகளில் செய்கிறார்கள், ஆனால் அதற்குத் தினமும் விடியற்காலையில் வந்து, ஒவ்வொரு மீனையும் பார்த்து, ஒருநாளும் பிழை விடாத ஆள் வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். அக்கா மேல் பெட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். அடுத்தநாள் டவுனில் முஸ்லிம் நானா ஒருவரின் கடையில் சின்னக் கண் வலை ஒன்று வாங்கிவந்து கொடுத்தேன்.

ஐந்து வருடம் அந்த ஓயாவில் ஏறிய ஒவ்வொரு மஞ்சள் செதிலும் அவர் கை வழியாகத்தான் ஏறியது. பெட்டிக்குள் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, வலையைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடிப்பார். பார்த்த பிறகுதான் கை எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியும். மேலே விட்டதும் அது அசையும்வரை நிற்பார். அடுத்த காம்பரா அம்மாவின் வீட்டுக்கும் ஜப்பான் மீன் போக ஆரம்பித்தது. முதல்நாள் சட்டியோடு வாசலில் வைத்துவிட்டு வந்தாராம். அடுத்தநாள் சட்டி கழுவி வைத்திருந்ததாம்.

அவரோடு நான் கடைசியாக ஒரு முழு நாள் இருந்தது கொழும்பில். யுத்தநிறுத்தம் வந்து, நான் வேலையை விட்டு ஊருக்குப் போக இருந்த மாதம். அக்காவின் மகள் வீட்டு வேலைக்காக வெளிநாடு போனாள். விமான நிலையம் வரை வர ஆள் இல்லை என்று என்னைக் கேட்டார். கட்டுநாயக்கவில் வழியனுப்ப வந்தவர்களைக் கண்ணாடிக் கதவோடு நிறுத்திவிட்டார்கள். மகள் உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தாள். கூட்டத்தில் மறைந்தாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "ஒங்க புள்ள ஏறிருச்சா?" என்று கேட்டார்.

"உள்ள போனத பாத்தேங்க" என்றார் அக்கா. "ஏறுனத பாக்கல."

மூன்று விமானங்கள் எழும்பும்வரை வெளியே நின்றார். எது மகளுடையது என்று எனக்கும் தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அவர் கடலைப் பார்த்ததேயில்லை என்று சொல்லியிருந்தார். முகத்துவாரத்துக்கு, எங்கள் ஓயா போய்ச் சேரும் அந்தப் பெரிய ஆறு கடலில் விழும் இடத்துக்குக் கூட்டிப்போனேன். கபில நிற ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் வெகுதூரம் தனியாகத் தெரிந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு விளிம்பில் போய் நின்றார்.

"எங்க ஓயாத் தண்ணியும் இதுலதான் இருக்குங்களா?"

"ஓமக்கா. அந்த விலாங்குக் குஞ்சுகளும் இஞ்சயிருந்துதான் வந்தது. நடுக்கடலிலை, நல்ல ஆழத்திலை பொரிச்சு, அலையோடை வந்து, இந்த வாயாலை உள்ளுக்கு வந்து மேலை ஏறுது. வளர்ந்த பிறகு திரும்பவும் இஞ்சதான் இறங்கி வருமாம், முட்டை விட."

குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். "நீங்க பாத்திருக்கீங்களா, முட்ட விடுறத?"

"இல்லை."

"மிஸ் பாத்திருக்காங்களா?"

"இல்லையாம். கேட்டனான். உலகத்திலை ஒருத்தரும் பாக்கேல்லையாம்."

நம்பமாட்டார் என்று நினைத்தேன். அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார். அலை வந்து சேலை விளிம்பை நனைத்துவிட்டுப் போனது. இரண்டு கைகளும் தானாக நெஞ்சுக்கு நேரே வந்து குவிந்தன.

"யாருக்கும் காட்டாமலே இவ்வளவும் நடக்குதுங்களா ஐயா" என்றார்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

"கடைசி பஸ் எத்தன மணிக்குங்க? காலையில பெட்டியில மீன் வந்து நிக்கும்."